வீட்டுவளப்பில்

அப்பாவின் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது லேகாவின் போன் அடித்தது. துணியின் இரண்டு முனைகளும் அவள் கையில் இருந்தன. விட்டால் வாய் மறுபடி திறந்துகொள்ளும். அம்மா குமாரிதான் போனை எடுத்து மகளின் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

திருவனந்தபுரத்திலிருந்து லேகாவின் மாமியார். முதலில் அவர் அழுதார், லேகாவும் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“சம்ஸ்காரம் எவிடயா மோளே?”

தகனம் எங்கே என்று கேட்கிறார்.

“வீட்டுவளப்பில் தன்னெ, அம்மே.”

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. தானாக வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பத்திரிகைகளில் சாவுச் செய்தி வருகிற பக்கத்தைத் திறந்தால் பாதிப் பேருக்கு அந்தச் சொல்தான் இருக்கும். வீட்டுவளப்பில் என்றால் சொந்த நிலத்தில், சொந்த மாமரத்து விறகில் எரிகிறார் என்று பொருள். செத்தவருக்கு மண் இருந்தது, மரம் இருந்தது, குடும்பம் குறைவில்லாத குடும்பம் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்லே ஊருக்குச் சொல்லிவிடும்.

அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு மகளின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட நூல் தேடி உள்ளே போனாள்.

அப்பா ஆடிட்டர் பரமசிவன் என்றால் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் தெரியாதவர் கிடையாது. நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஆபீஸ். பாலராமபுரத்துக் கைத்தறிக்காரர்களிலிருந்து எல்லைக்கு அந்தப்புறத்து மளிகைக்காரர்கள் வரை, வருமானவரி நோட்டீஸ் வந்த அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற படி அது. இறங்கும்போது கீழே நின்று டீ குடிக்கிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கும். ஊரில் ஒரு கமிட்டி முளைத்தால் தலைவர் யார் என்று அடிதடி நடக்கும். பொருளாளர் யார் என்ற பேச்சே வராது. கோயில் உற்சவமானாலும் சர்ச் கட்டடமானாலும் வாசகசாலையானாலும் சாரின் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்ற பெயர்களை எழுதுவார்கள். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். கண்ணால் பார்க்காத எதிலும் ஒப்பு, அதாவது கையெழுத்து, வைக்கமாட்டார். கோழிப்பண்ணைக் கணக்கென்றால் கோழிப்பண்ணைக்கே போய்விடுவார். அந்த நாற்றத்தோடு வீட்டுக்கு வந்து குமாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மேட்டுக் காலனிக்கும் அப்படித்தான் போனார். ஒரு வீட்டில் பெரியவர் இறந்துபோய், உதவி கேட்டு அப்பா பொருளாளராக இருந்த கமிட்டி ஒன்றுக்கு மனு வந்திருந்தது. பார்க்காமல் ஒப்பு வைக்க முடியாதே, போனார். மூன்று சென்ட் வீடு. எரிக்கவும் புதைக்கவும் இடமில்லாமல் அடுப்பை இடித்து, அடுக்களை மண்ணைத் தோண்டி அதில் பெரியவரை இறக்கியிருந்தார்கள். அந்த வீட்டு மருமகள் ஷீஜா முற்றத்தில் கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். வந்தவருக்கு ஒரு டம்ளர் பாலில்லாத கட்டன்காப்பியும் போட்டுத் தந்தாள். அன்று வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிட உட்காரவில்லை. “மாமனாருக்க மேல நின்னுதான் இனி அந்தப் பெண்ணு சோறு வைக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு பொதுத் தகனக்கூடம் ஒன்றுக்காக அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. எல்லோரும் வேண்டும் என்றார்கள். எல்லோரும் எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்றார்கள். கடைசியில் காலனிக்கு மேலே, கல் உடைத்துக் கைவிட்ட பாறைமடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கேஸில் எரிகிற அடுப்பு, உயரமான புகைக்குழல், சுற்றிலும் செத்தி என்கிற வெட்சிச் செடிகள். ஷீஜாவும் காலனிப் பெண்கள் சிலரும் அதை நடத்தப் படித்துக்கொண்டார்கள். அதன் கமிட்டித் தலைவர் அப்பாவின் சிநேகிதர், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் அருமநாயகம். “நீ சர்ச் கல்லறையில சுகமா கெடக்கப் போற ஆளு, உனக்கு இதில என்னடே காரியம்?” என்று அப்பா அவரைக் கேலி செய்வார்.

திறந்தது என்னவோ திறந்தாயிற்று. ஆனால் போனவர்களெல்லாம் காலனிக்காரர்களும் வாடகை வீட்டுக்காரர்களும்தான். கொஞ்சம் மண் உள்ளவன்கூட வழக்கம்போலத் தெற்குப்புறத்து மாமரத்தை வெட்டி வீட்டுவளப்பில்தான் எரிந்தான். காலனிச் சுடுகாடு என்று பெயரும் விழுந்துவிட்டது. அந்தப் பெயர் அப்பாவை அறுத்தது. அதன் ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “நம்மளப் போல உள்ளவங்க இஞ்ச வந்தாத்தான் இது எல்லாருக்கும் உள்ள இடமாவும். எனக்கு ஒண்ணு சம்பவிச்சா எனக்க வீட்டு மாவு மரத்த யாரும் தொடப்பிடாது. என்னைய இஞ்ச கொண்டுவரணும். இது எனக்க வாக்காக்கும்.”

காலனிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த லேகாவும் தட்டினாள். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் நினைத்தும் கொண்டாள். நினைத்தது அவளுக்கு இப்போதும் ஞாபகம் இருந்தது.

வீட்டின் அடுக்களை ஜன்னல் அந்த மேட்டைப் பார்த்துத்தான் இருந்தது. நடுவில் மாமரம். கிளைகளே திரையாக நின்றதால் அந்த ஜன்னலை யாரும் சாத்துவதில்லை. அப்பா கட்டன்காப்பி டம்ளரோடு அங்கே நின்று, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பார். “இந்த மாவு மட்டும் இல்லேன்னா குழல் நல்லா தெரியும்.” “தெரியாண்டாம். சோறு வைக்கிற இடமாக்கும்” என்பாள் அம்மா.

இன்று காலையும் அங்கே நின்று குடித்துவிட்டுத்தான் பேப்பரோடு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

லேகாவின் கணவன் அஜேஷ், எல்லோருக்கும் அனுப்ப வேண்டிய சாவுப் போஸ்டரைப் போனில் தட்டிக்கொண்டே வந்தான். அவன் திருவனந்தபுரத்துக்காரன். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆகவே மலையாளத்தில்தான் கேட்டான். “அச்சன் அவிடத்தெ காரியமல்லே பறஞ்ஞிருந்நது?” அப்பா அந்த இடத்தையல்லவா சொல்லியிருந்தார் என்று.

“உன் அம்மாகிட்ட வீட்டுவளப்பில்னு சொல்லியாச்சு. அப்படியே போடு” என்றாள் லேகா.

அவன் அப்படியே போட்டான்.

உண்மையைச் சொன்னால், அவளுக்கு வெட்கமாக இருந்தது. தகனக்கூடத்துக்குப் போகிற வழி காலனிக்கு நடுவில் போகிறது. இரண்டு பக்கமும் நீலத் தார்ப்பாய் போட்ட கூரைகள், கொடியில் தொங்குகிற உள்பாவாடைகள், குறுக்கே ஓடுகிற கோழிகள். ரிட்டயர்டு சீஃப் எஞ்சினியரான மாமனாரின் கார் அதில் ஏறிப் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மருமகளின் அப்பாவைக் காலனியில் கொண்டுபோய் எரித்தார்கள் என்ற பேச்சு அந்த வீட்டில் எத்தனை காலம் ஓடும்? மாமியார் சொல்லமாட்டார். சொல்லாமலே இருந்துவிடுவார். அதுதான் இன்னும் மோசம்.

இன்னும் நேரம் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டாள். சாவு வீடு அப்படி யாருக்கும் நேரம் தருவதில்லை. போஸ்டரில் வீட்டுவளப்பில் என்று இருந்தால் போதும், யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். பந்தல்காரன் பந்தலோடு வருவான், குளிர்பெட்டிக்காரன் பெட்டியோடு வருவான், மரம் வெட்டுகிறவன் மெஷினோடு வருவான். அப்படித்தான் எலியா வந்து முற்றத்தில் நின்றான். தோளில் அறுப்பு மெஷின், இடுப்பில் கயிறு.

“தெக்கால நிக்கிற மாவுதானே அக்கா?”

கொஞ்சம் நில்லு என்ற சொல் லேகாவின் நாக்கு நுனி வரை வந்தது. அப்போது அருமநாயகம் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு இரைத்தது. உள்ளே போய்ச் சிநேகிதனைப் பார்ப்பதற்கு முன்னால் லேகாவைத்தான் பிடித்தார்.

“மக்கா, போஸ்டர்ல தெத்தா போட்டிருக்கு, பாத்தியா? வீட்டுவளப்பிலேன்னு கெடக்கு. சட்டுன்னு மாத்தச் சொல்லு. ஷீஜாகிட்ட நான் விளிச்சு சொல்லியாச்சு, அவங்க அங்க எல்லாம் ஒருக்கிட்டு இருக்காங்க.”

“தெத்து இல்ல மாமா.”

“பின்ன?”

எலியா பார்த்துக்கொண்டு நின்றான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரும் காதைக் கொடுத்தார்கள். நான்தான் சொன்னேன் என்று சொல்ல லேகாவால் முடியவில்லை. அப்பாவின் ஆபீஸில் அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில் இருக்கிறவள், எத்தனையோ பெரிய மனிதர்களை அவர்கள் முகத்துக்கு நேரே இது சரியில்லை என்று திருப்பி அனுப்பியவள். அந்த வாயிலிருந்து இது வந்தது:

“அம்மைக்கு மனசில்ல மாமா.”

அம்மா எட்டிப்பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தாள். முன்னறை ஜன்னலுக்கு உள்ளே, குளிர்பெட்டியின் தலைமாட்டில். அருமநாயகம் ஜன்னல் கம்பிக்கு அருகே போனார்.

“குமாரி, அப்படியா? உனக்கு மனசில்லையா?”

அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். கோபம் இல்லை. விருந்தாளிக்கு முன்னால் உடுப்பை நனைத்துவிட்ட பிள்ளையைத் தாய் பார்ப்பாளே, அப்படியொரு பார்வை.

“எனக்கு என்ன தெரியும் சாரே,” என்றாள். “அவ சொன்னா சரிதான்.”

“உனக்கு மனசில்லேன்னா பின்ன எனக்கு வாயில்ல,” என்றார் அருமநாயகம். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஷீஜாவைக் கூப்பிடத்தான் எடுத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, அழைக்காமலே திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பந்தலில் ஓரமாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“வெட்டட்டா அக்கா?” என்றான் எலியா.

லேகா தலையை அசைத்தாள்.

மெஷின் மரத்தைக் கடித்தபோது முற்றத்தில் பேச்சு நின்றது. பிறகு சத்தம் பழகி எல்லோரும் அதற்கு மேலே குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்தார்கள். மரம் கயிற்றோடு மெல்லச் சாய்ந்து தரையில் விழுந்ததில் பிஞ்சு மாங்காய்கள் உதிர்ந்து முற்றம் வரை உருண்டு வந்தன. துக்கம் கேட்க வந்த ஒருத்தி பழக்கதோஷத்தில் குனிந்து நாலைந்தைப் பொறுக்கி முந்தானையில் இட்டாள். சட்டென்று இடம் உறைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பக் கீழே வைத்தாள்.

மலர்வளையங்கள் வந்துகொண்டே இருந்தன. வியாபாரிகள் சங்கம், கூட்டுறவு வங்கி, வாசகசாலை, இரண்டு கட்சி, மூன்று கோயில், ஒரு சர்ச். வைக்க இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் லேகாவின் கையைப் பிடித்து, இனி மேடம்தான் எங்களுக்கு என்றார்கள். அவள் ஒவ்வொருவர் தோளுக்கும் மேலாகக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷீஜா வந்தது உச்சிவெயில் தாழ்ந்த பிறகு. கூட இரண்டு பெண்கள். மூவரும் தகனக்கூடத்தில் போடுகிற நீலக் கோட்டுகளை மாட்டியிருந்தார்கள். கழுவிய தண்ணீர் இன்னும் பாவாடை ஓரத்தில் காயாமல் இருந்தது. ஷீஜாவின் கையில் வாழையிலையில் பொதிந்த ஒரு செத்திப்பூ மாலை. அழுது முகம் வீங்கியிருந்தது. கேட்டிலேயே லேகாவைப் பார்த்துவிட்டாள்.

“அக்கா, சாரை எப்பம் கொண்டு வருவீங்க? உள்ள எல்லாம் கழுவி விட்டாச்சு. வழி நெடுக குருத்தோலை கெட்டியிருக்கு. காலனியில இண்ணைக்கு ஒருத்தரும் வேலைக்குப் போவல்ல. கேட்டியளா, கொடியில துணிகூட ஒண்ணும் போடப்பிடாதுன்னு சொல்லியிருக்கு, வாறவங்க எல்லாம் பெரிய ஆளுகளாக்குமே.”

ஷீஜாவின் கண் லேகாவைத் தாண்டி, வீட்டின் தெற்குப்புறத்துக்குப் போனது. அங்கே எலியா அறுத்த துண்டுகளைப் பிளந்து அடுக்கிக்கொண்டிருந்தான். இருந்த இடத்தில் மாமரம் இல்லை.

“ஓ,” என்றாள் ஷீஜா. “இஞ்சயாக்கும்.”

“அம்மைக்கு...” என்று ஆரம்பித்தாள் லேகா. இரண்டாம் தடவை அந்தப் பொய் வரவில்லை. காது மடல் வரை சூடு ஏறியது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அவளைத் தூக்கிவிட்டது ஷீஜாதான். “அதுக்கென்ன அக்கா,” என்றாள் சட்டென்று. “மண்ணு உள்ளவங்களுக்கு அதுதானே முறை. சாரு எங்களுக்க சந்தோசத்துக்கு சும்மா பறஞ்சதாயிருக்கும். எங்களுக்குத்தான் புத்தியில்ல, அப்படியே நம்பிட்டோம்.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. லேகாவின் சங்கடத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னாள். அதனால்தான் அது அத்தனை ஆழமாக இறங்கியது. பார்க்காமல் ஒப்பு வைக்காத மனிதர், மைக்கைப் பிடித்துச் சும்மா சொன்னவராகிவிட்டார். சும்மா சொல்லவில்லை ஷீஜா, நான்தான் கெடுத்தேன், நீ போய் அடுப்பைத் தயார் செய், ஆம்புலன்ஸை வரச் சொல்கிறேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மரம் போனால் போகட்டும், அப்பா இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறார். லேகா ஷீஜாவின் கையைப் பிடித்தாள்.

“ஷீஜா...”

“லேகா!” என்று அஜேஷ் பந்தலிலிருந்து கூப்பிட்டான். “அவர் எத்தி.” வந்துவிட்டார்கள் என்று. மாமனாரின் வெள்ளைக் கார் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

ஷீஜாவே கையை விடுவித்துக்கொண்டாள். “போங்க அக்கா, ஆளு வருது. நான் சாரைப் பாத்துட்டுப் போறேன்.”

மாமியாரைக் கட்டிக்கொண்டு நின்றபோது, தோளுக்கு மேலாக முன்னறை தெரிந்தது. ஷீஜா பெட்டியின் கால்மாட்டில் நின்றாள். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மலர்வளையங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அம்மா எழுந்து, வங்கிக்காரர்களுடைய வளையத்தை நகர்த்தி, அந்த மாலையை வாங்கிப் பெட்டியின்மேல் அப்பாவின் நெஞ்சுக்கு நேரே வைத்தாள்.

கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லையே என்று யாரோ ஆரம்பித்தார்கள். பெரியப்பா மகன் ஒருவன் ஈரத்துண்டோடு தயாராக முன்னால் வந்தான். லேகா, நானே வைக்கிறேன் என்றாள். கூட்டம் அசந்துபோய்விட்டது. அப்பனுக்கு ஏற்ற மகள் என்று முணுமுணுப்பு எழுந்தது. பஞ்சாயத்துத் தலைவர் தலையை ஆட்டி ஆட்டி வியந்தார். அந்தப் புகழ்ச்சி ஒவ்வொன்றும் செருப்படி மாதிரி விழுந்தது அவளுக்கு. இந்தத் தைரியம் காலையில் எங்கே போயிருந்தது என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

பச்சை மரம் லேசில் பிடிக்கவில்லை. தேங்காய்ச் சிரட்டைகளைக் கொட்டினார்கள், சர்க்கரையை அள்ளிப் போட்டார்கள். மரப்பால் கசிந்து சீறியது. தீயைவிடப் புகைதான் வந்தது. இங்கெல்லாம் சிதை பற்றிக்கொண்டதும் அதே முற்றத்தில் அனுதாபக் கூட்டம் நடக்கும். மைக் வைத்து, நாற்காலி போட்டு, தலைவர்கள் வரிசையாகப் பேசுவார்கள். பஞ்சாயத்துத் தலைவர் முதலில் எழுந்தார். பரமசிவன் சாரின் எளிமை, பரமசிவன் சாரின் நேர்மை என்று போய், இந்த நாட்டுக்கு அவர் தந்த நவீனத் தகனக்கூடம் என்றைக்கும் அவர் பெயர் சொல்லும் என்று குரலை ஏற்றினார். “இருக்கிறவன் இல்லாதவன் என்ற பேதமில்லாமல்...” என்றபோது காற்று திரும்பி, சிதையின் புகை மொத்தமும் பந்தலுக்குள் வந்தது. தலைவர் இருமினார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேதமில்லாமல் என்று மறுபடி ஆரம்பித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. கேட்டுக்கு வெளியே, ரோட்டில், காலனிக்காரர்கள் கூட்டமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அருமநாயகத்தை அழைத்தார்கள். மைக்கைக் கையில் வாங்கினார்.

“பரமசிவன் பறஞ்சா பறஞ்சதாக்கும்,” என்றார். மேலே என்னவோ சொல்ல வந்து, ஜன்னலுக்குள் இருந்த குமாரியைப் பார்த்தார். “அவ்வளவுதான்” என்று மைக்கைத் தந்துவிட்டார். லேகா தரையைப் பார்த்தாள். காலடியில் ஒரு பிஞ்சு மாங்காய் மிதிபட்டுக் கிடந்தது.

இருட்டுவதற்கு முன் கிளம்ப வேண்டும் என்று மாமனார் எழுந்தார். லேகா கார் வரை போனாள். கதவில் கை வைத்துக்கொண்டு அவர் கேட்டார், அப்பா கட்டிய அந்தத் தகனக்கூடம் இங்கே எந்தப் பக்கம் என்று. லேகா கையைக் காட்டினாள்.

“அதொன்னு காணணும்னுண்டாயிருந்நு,” என்றார். அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்ததாம். சாவுச் செய்தி கேட்டதும் தகனம் அங்கேதான் இருக்கும் என்று நினைத்தாராம். நகரத்தில் இப்போது பெரிய பெரிய ஆட்களெல்லாம் அப்படித்தானே, என் அண்ணனையும் போன வருஷம் கேஸ் அடுப்பில்தானே வைத்தோம், நீயும் வந்திருந்தாயே என்றார். பக்கத்தில் மாமியாரும் தலையசைத்தார். குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

ஆமாம், அவளும்தான் போயிருந்தாள். அது ஞாபகத்துக்கே வரவில்லை. கார் போன பிறகும் அவள் ரோட்டிலேயே நின்றாள். யாருக்காக வெட்கப்பட்டாளோ அவர்களுக்கு அந்த வெட்கம் தேவையே இருந்திருக்கவில்லை. காலையிலிருந்து சுமந்ததெல்லாம் அவளுடைய சொந்தச் சரக்கு.

பந்தலில் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் காணவில்லை. அடுக்களையில் இருந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. பக்கத்து வீட்டார் கொண்டுவந்து வைத்த கட்டன்காப்பி ஒரு டம்ளரில் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா நிற்கிற இடத்தில், ஜன்னலோரம், அம்மா நின்றிருந்தாள்.

லேகா பின்னால் போய் நின்றாள். அம்மா என்று கூப்பிட்டாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும் என்றுதான் வந்தாள். அம்மா திரும்பவில்லை.

“மாவு போனப்பம் எல்லாம் தெரியுது, பாத்தியா” என்றாள்.

தெரிந்தது. முன்னால் அடிமரத்துக்குப் பக்கத்தில் சிதை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால், ரப்பர் மரங்களுக்கு மேலே, மேட்டில் அந்தக் குழல். இத்தனை கிட்டத்தில் இருக்கிறது என்று அவள் நினைத்ததே இல்லை. அடியில் விளக்கு எரிந்தது. வழியில் கட்டிய குருத்தோலையை யாரோ அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போவதுகூடத் தெரிந்தது.

அம்மா காப்பியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“எனக்க காரியத்துக்கு என்னைய அங்க கொண்டு போனா போதும் மக்கா. எனக்கு மனசுண்டு.”

சொல்லிவிட்டு விளக்கைப் பார்க்க முன்னறைக்குப் போனாள்.

லேகா ஜன்னல் கதவை இழுத்தாள். அசையவில்லை. இத்தனை வருஷமாக யாரும் சாத்தாத கதவு, கீல் துருவேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பாதி வரை வந்து நின்றது.